தம்பியின் பாய்ப்படகும் திருகோணமலைக் கல்யாணமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்பேர்னில் இருந்த என் தம்பி வேலையை விட்டுவிட்டு 38 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கி, ஜனவரியில் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து புறப்பட்டு இப்போது காலித் துறைமுகத்தில் நிற்கிறான். பெப்ரவரி கடைசியில் திருகோணமலையில் சித்தப்பா மகளின் கல்யாணம். "அக்கா, ரயிலும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம், என்னோடு வா, படகிலேயே போய் இறங்குவோம்" என்கிறான். எனக்கு 54 வயது, நீந்தத் தெரியும், பயமும் இல்லை. போகலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: படகில் போங்கள். கல்யாணத்துக்குப் படகில் போகாதீர்கள்.

உங்கள் வயதும் தம்பியின் படகும் பிரச்சினையே இல்லை, மாதம்தான் பிரச்சினை. பெப்ரவரியில் வீசுவது வாடை, அதாவது வடகிழக்கிலிருந்து வரும் காற்று. தம்பியைப் புக்கெட்டிலிருந்து மேற்கே தள்ளிக்கொண்டு வந்ததும் அதே காற்றுத்தான், அந்த ருசியில் பேசுகிறான். காலியிலிருந்து இலங்கையின் தென்கோடியான தெவிநுவர முனையைச் சுற்றி வடகிழக்கே திரும்பினால் அந்த வாடை நேரே முகத்தில் அடிக்கும். எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு எதிரே நேராக ஓடாது. காற்றிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகி ஒரு பக்கம் ஓடி, பிறகு பாயை மாற்றி மறுபக்கம் ஓடி, பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் முன்னே போக வேண்டும். காலியிலிருந்து திருகோணமலை இருநூறு கடல் மைலுக்கு மேல், இப்படி வளைந்தால் அது முந்நூறை எட்டும், மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடினாலே பெரிய காரியம், அதுவும் அலை படகின் முன்பக்கமான அணியத்தில் மோதி மோதி நிறுத்தாமல் இருந்தால். இரவிலும் ஒருவர் முழித்திருந்து காவல் பார்க்க வேண்டும், ஏனென்றால் தெவிநுவரவுக்குத் தெற்கே உலகத்துச் சரக்குக் கப்பல்களெல்லாம் வரிசையாகப் போகின்றன. தாலி கட்டும் நேரத்துக்கு நீங்கள் அம்பாந்தோட்டைக்கு வெளியே பட்டுச்சேலைப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள்.

எஞ்சின் இருக்கிறதே என்பான். இருக்கட்டும், எதிர்க்காற்றில் அத்தனை தூரம் டீசல் எரித்துத் தலைசுற்றப் போவதற்கு ரயில் எவ்வளவோ மேல்.

ஆனால் இதே வாடை மேற்குக் கரையில் தரையைத் தாண்டி வருவதால் அங்கே கடல் படிந்து கிடக்கும். எனவே கல்யாணத்துக்கு முன்போ பின்போ, காலியிலிருந்து மிரிசைக்கோ பேருவளைக்கோ இரண்டு மூன்று நாள் போய் வாருங்கள். காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று, நடுப்பகலில் ஒன்றுமில்லை, பிற்பகலில் கடற்காற்று: அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் சமையல். ஒருமுறை நண்பர் ஒருவரின் படகில் காலியிலிருந்து கொழும்புக்கு வந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன், பாணந்துறைக்கு நேரே காற்று செத்துப்போய், இருட்டில் யாரோ விரித்த வலையைச் சுற்றிப் போகவே ஒரு மணி நேரமானது. மறுநாள் விடிந்த பிறகுதான் வீடு. ஆகவே முடிந்தவரை பகலில் ஓடச் சொல்லுங்கள், மீன்பிடிப் படகுகள் கடலெங்கும் வலை போட்டிருக்கும். துறைமுகத்துக்குள் நுழைய உங்களுக்கும் அனுமதி வேண்டும், முகவரிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள்.

திருகோணமலைக்குப் படகில்தான் போக வேண்டுமென்றால், தென்மேற்குக் காற்றான சோழகம் தொடங்கும் மே மாதத்தில் போகலாம், அப்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போனதே என்று தம்பி வாதாடினால், அதை ஓட்டியவர்கள் கல்யாணத் திகதி வைத்துக்கொண்டு போகவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் மன்னார்ப் பக்கமாக, பாக்கு நீரிணை வழியே போனால் என்ன?
வாசகர், வத்தளை

பதில்: வரைபடத்தில் வழி திறந்துதான் தெரியும். இந்த அளவுப் படகின் அடிக்கட்டை தண்ணீருக்குள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் போகும், ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகளில் பல இடங்களில் அவ்வளவு தண்ணீர் கிடையாது. பாம்பன் கால்வாய் இந்தியப் பக்கம். படகு மணலில் தட்டினால் தூக்கி மீட்டுவிடும் என்று கடலின் ஏற்றவற்றத்தையும் நம்ப முடியாது, நம் கரைகளில் அது ஒரு மீட்டரைக்கூடத் தொடாது.

கேள்வி: வாந்தி வராமலிருக்க என்ன செய்யலாம்?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மாத்திரையைப் புறப்பட்ட பிறகல்ல, புறப்படும் முன்பே போடுங்கள், எது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. கீழே அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள், மேலே இருந்து தொடுவானத்தைப் பாருங்கள். சுக்கானை உங்கள் கையில் தந்தால் பாதி சரியாகும். வெறும் வயிறு கூடாது, கிறீம் கிறக்கர் இரண்டு கையில் இருக்கட்டும்.