சரிவான கொல்லையில் குறைந்த செலவில் தடுப்புச் சுவர் கட்டுவது எப்படி?

வீட்டுக்குப் பின்னால் கொல்லை வாய்க்கால் வரை நாலடி இறங்குகிறது, மழைக்கு மண் கரைந்து தென்னையின் வேர் வெளியே தெரிகிறது, கையில் பெரிய தொகை இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் எங்கள் கொல்லையும் அச்சு அசல் இதே மாதிரிதான். நான் இரண்டு முறை கட்டினேன், முதல் சுவர் விழுந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கட்டியது ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், நாலடி உயரம், இரண்டு பக்கமும் பூச்சு. பார்க்க அழகாக இருந்தது. கோடையில் நம் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும் இல்லையா, சுவருக்குப் பின்னாலும் அப்படி வெடித்து இடைவெளி விட்டிருந்தது, ஐப்பசி அடைமழையில் அந்த வெடிப்பு முழுக்கத் தண்ணீர் இறங்கி நின்றது, மண்ணும் ஊறி உப்பியது. நாலாம் நாள் காலையில் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது, சாயங்காலம் வாய்க்காலில் கிடந்தது. பார்க்க வந்த வயதான கொத்தனார் ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி போறதுக்கு எங்க தம்பி வழி வச்சீங்க?" எங்கேயும் வைக்கவில்லை.

நாலடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் ஒரு மீட்டர் நீளச் சுவரைச் சுமார் 740 கிலோ விசையோடு தள்ளும். அதுவே இரண்டடி என்றால் 185 கிலோதான். உயரம் பாதியானால் தள்ளுவது கால் பங்காகிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், நாலடிக்கு ஒரே சுவர் எழுப்பாதீர்கள். இரண்டடியில் இரண்டு சுவர், நடுவில் நாலு அல்லது ஐந்தடி அகலத்துக்குச் சமதளம் விடுங்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இப்போது கத்தரியும் கொத்தவரையும் போடுகிறோம்.

இரண்டாம் முறை சிமெண்ட் இல்லாமல் கருங்கல்லை அடுக்கித்தான் கட்டினேன். டெல்டாவில் கல் கிடையாது, புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும், வாடகையே கல் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதனால் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே லோடாக இறக்கினால் மிச்சம். 40 அடி நீளத்தில் இரண்டு சுவருக்கும் சேர்த்து மூன்று யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) வாங்கினேன், போதவில்லை. பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் காங்கிரீட் துண்டுகளைக் கேட்டு வாங்கி மீதியை முடித்தேன். தட்டையாக உடைந்த துண்டாக இருந்தால் கல்லைப் போலவே உட்காரும்.

முக்கால் அடி ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டி, அடியில் ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, பெரிய கல்லை அதன் மேல் வையுங்கள். அடி அகலம் ஒன்றரை அடி, மேலே ஒரு அடி, முகம் மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி ஏற வேண்டும். நம் ஊர்ப் பழைய படித்துறைச் சுவர்களை ஒருமுறை போய்ப் பாருங்கள், பல இடங்களில் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும். ஒரு வரிசையின் இடுக்கு அடுத்த வரிசைக் கல்லின் நடுவில் வர வேண்டும். கல்லுக்குப் பின்னால் ஒரு அடிக்கு உடைந்த ஓடு, செங்கல் துண்டு, ஜல்லி என்று எது கிடைக்கிறதோ அதைப் போடுங்கள், அதற்கும் களிமண்ணுக்கும் நடுவில் ஒரு கை அகலம் பருமணல், இல்லையென்றால் களிமண் கரைந்து வந்து இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். தோண்டிய களிமண்ணை மட்டும் சுவரை ஒட்டிக் கொட்டவே கொட்டாதீர்கள். சிமெண்ட் வைத்துத்தான் கட்டுவேன் என்றால் நாலடிக்கு ஒன்றாக இரண்டு இஞ்ச் பிவிசி குழாய், வெளிப்பக்கம் சரிவாக, அடி வரிசைக்குச் சற்று மேலே வையுங்கள்.

மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் மலிவுதான், உடைப்பு அடைக்க அது போதும், ஆனால் பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் சீக்கிரமே பொடிந்துவிடும்.

தென்னையிலிருந்து ஆறடியாவது தள்ளித் தோண்டுங்கள், அதன் வேரில் பெரும்பங்கு அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. சுவருக்கு மேல்பக்கத்து மண்ணில், வாய்க்கால் கரையிலும்கூட, அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நட்டால் வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இறக்கம் இரண்டடிக்குள் உள்ள இடத்தில் சுவரே வேண்டாம், மண்ணைச் சரித்துவிட்டு இதை நட்டாலே போதும்.

அப்புறம், வாய்க்கால் கரை பெரும்பாலும் புறம்போக்கு. சர்வேயரை வைத்து அளந்து, உங்கள் எல்லைக்குள் கட்டுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள், வாய்க்கால் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கொல்லையின் நீளமும் தென்னை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் எழுதினால் எத்தனை யூனிட் கல் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.