கட்டணம் கேட்கிறார்களே, கட்டலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதமும் அதோடு அனுப்பிய மூன்று அழைப்புகளும் கிடைத்தன. அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு மின் பொறியியல் படிக்கும் மகளுக்கு ஒரே மாதத்தில் மூன்று ஆனர் சொசைட்டிகள், அதாவது படிப்பில் சிறந்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கௌரவச் சங்கங்கள், அழைப்பு விடுத்திருக்கின்றன. மூன்றுமே பணம் கேட்கின்றன. மகள் "விடுங்கள் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். உங்களுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. "உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறார், பணம் கட்டுங்கள்" என்று வரும் எந்தக் கடிதத்தையும் சந்தேகப்படுவது நல்ல பழக்கம்தான். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்றில் இரண்டு அசல்.

முதலாவது டவ் பீட்டா பை. பொறியியலின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான சங்கம். கலை, அறிவியல் படித்த சிறந்த மாணவர்களைக் கௌரவிக்க அமெரிக்காவில் 1776லிருந்தே பை பீட்டா கப்பா இருந்தது. பொறியியல் மாணவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பென்சில்வேனியாவில் பெத்லகேம் நகரத்து லீஹை பல்கலைக்கழகத்தில் சுரங்கவியல் கற்பித்த எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியர் அந்தக் குறையைப் போக்க 1885ல் இதைத் தொடங்கினார். இரண்டாவது ஈட்டா கப்பா நூ. மின் பொறியியலுக்கென்று 1904ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, 2010ல் மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ.யுடன் இணைந்தது. அதைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமென்றால் உங்கள் மகளைக் கேளுங்கள், அவளே சொல்வாள்.

மூன்றாவதின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எல்லாப் பாடத்தாருக்கும் "தலைமைப் பண்பு" விருது, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழுக்குத் தனிக் கட்டணம், வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் சலுகை. கௌரவத்தைத் தள்ளுபடியில் தருவது ஆடி மாதத் துணிக்கடை வேலை. அந்தக் கடிதத்தில் மகளின் கல்லூரியில் அவர்களுக்குக் கிளை இருப்பதாகவோ, பொறுப்பான பேராசிரியர் யார் என்றோ, எந்தத் தகுதியில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றோ ஒரு வரிகூட இல்லை. மற்ற இரண்டிலும் இவை எல்லாம் இருக்கின்றன. சந்தேகம் தீரவில்லை என்றால் மகளைத் துறை அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

தகுதி என்ன என்று கேட்டிருந்தீர்கள். டவ் பீட்டா பையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இறுதியாண்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள். ஈட்டா கப்பா நூவில் மூன்றாம் ஆண்டில் நான்கில் ஒரு பங்கு, இறுதியாண்டில் மூன்றில் ஒரு பங்கு. தன் வகுப்பில் அவள் எத்தனையாவது இடத்தில் நிற்கிறாள் என்பதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், இத்தனை ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) என்று எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான கோடு கிடையாது. இடம் இருந்தாலும் உடனே உறுப்பினர் ஆகிவிட முடியாது. நடத்தையும் பார்ப்பார்கள், கிளையில் ஏற்கெனவே இருக்கும் மாணவர்கள் வாக்களிப்பார்கள்.

இடையில் அவளுக்கு வேலையும் இருக்கும். அறிமுகக் கூட்டம், சில மணி நேரத் தொண்டு, கிளைக்குக் கிளை மாறும் வேறு சில கடமைகள். சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒரு மாணவன் என் மேசையில் சிறிய வெண்கலத் துண்டு ஒன்றை வைத்தான். பழைய மரப்பாலங்களில் தளத்தைத் தாங்கிக் குறுக்காக நிற்குமே ஒரு சட்டகம், கால்கள் அகன்று, நடுவே சட்டங்கள் ஓட, அதே வடிவம். பென்ட் என்கிறார்கள். அதுதான் டவ் பீட்டா பையின் சின்னம். வார்ப்பிலிருந்து சொரசொரப்பாக வரும் துண்டைச் சேரவிருப்பவர்களிடம் கொடுத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொல்வது பல கிளைகளில் வழக்கம். முகம் தெரியும் அளவுக்கு மின்னிய அந்தத் துண்டின் ஒரு மூலையில் மட்டும் அரம் வழுக்கிய கீறல். "மூன்று இரவு, சார். பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தவன்தான் இன்று என் அறைத்தோழன்" என்றான். அவன் காட்டிய ரெஸ்யூமேயில் இதற்கு இருந்தது ஒரே ஒரு வரி.

வேலைக்கு உதவுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒரு வரியைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். ஜெஃப் பெசோஸ் பிரின்ஸ்டனில் படித்தபோது டவ் பீட்டா பை உறுப்பினர் என்பது உண்மை. அதைச் சொல்லி உங்களை மயக்கப் பார்ப்பார்கள், மயங்க வேண்டாம். தேர்வாளர் இந்தப் பெயரை அறிந்தவராக இருந்தால் "இவள் வகுப்பில் முன்வரிசை" என்பது ஒரு நொடியில் புரியும், அவ்வளவுதான். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் கிளைக்குள் நுழைந்து உழைத்தால்தான். இளையவர்களுக்கு இலவசமாக மின்சுற்றுக் கோட்பாடு சொல்லிக்கொடுத்திருந்தால், நிறுவனம் ஒன்றை அழைத்து வந்து கூட்டம் நடத்தியிருந்தால், ஓராண்டு பொருளாளராக வரவு செலவு எழுதியிருந்தால், நேர்காணலில் "ஒரு பொறுப்பை எப்படிச் சமாளித்தாய்" என்று கேட்கும்போது அவளிடம் பதில் இருக்கும். கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த மேசையில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன்.

அதனால்தான் "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. இறுதியாண்டில் தகுதி எளிது என்பது சரி. ஆனால் கடைசிப் பருவத்தில் சேர்பவருக்குச் சான்றிதழ் வரும், கிளை வராது. சேருவதென்றால் இப்போதே சேர வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். அமெரிக்க மத்திய அரசுப் பணிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆனர் சொசைட்டி உறுப்பினர்கள் ஜி.எஸ். 7 என்ற ஒரு படி மேலான ஊதிய நிலையில் நுழைய வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பணிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. எஃப்1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு அது பயன்படாது. படிப்பை ஒட்டிய வேலைப் பயிற்சிக்கான அனுமதியான ஓ.பி.டி.க்கும், எச்1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலுக்கும் இந்த உறுப்பினர் அட்டையால் எந்தச் சலுகையும் இல்லை. கிளை வழியாகச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கும் வாய்ப்பு வந்தால், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலைக்கு உள்ள வாரம் 20 மணி நேர வரம்புக்குள் அதுவும் அடங்கும். முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். உதவித்தொகைகள் இருக்கின்றன, உறுப்பினர்களுக்கு டவ் பீட்டா பையே தருகிறது. ஆனால் கிடைக்கும் என்று எண்ணிக் கல்விக்கடன் தவணையைக் கணக்குப் போட வேண்டாம்.

பணம் இதில் சின்ன விஷயம். டவ் பீட்டா பையில் சேரும்போது ஒருமுறை கட்டுவதோடு சரி, ஆண்டுச் சந்தா இல்லை. வாரம் இரண்டு மாலைகளை அவளால் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இந்தப் பருவத்தில் அவளுக்கு ஆய்வகம் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சங்கத்திலும் ஓடியாட நேரம் இருக்காது, ஒன்று போதும். பிரிவு தாண்டிய நண்பர்கள் வேண்டுமென்றால் டவ் பீட்டா பை, தன் துறைப் பேராசிரியர்களோடு நெருங்க வேண்டுமென்றால் ஈட்டா கப்பா நூ. எது என்பதை அவள் சொல்லட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கட்டணத்தைப் பற்றிக் கேட்காமல், "அந்தக் கிளையில் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள். "இருக்கிறார்கள்" என்றால் பாதி முடிவு ஆகிவிட்டது. "இல்லை" என்றால் வியாழக்கிழமை அறிமுகக் கூட்டத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள்; அழைப்பில் நாளும் அறை எண்ணும் போட்டிருக்கிறார்கள், போய்வரக் கட்டணம் இல்லை.

அவள் முடிவு சொல்லும் வரை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த அழைப்பைப் போட்டுவிடாதீர்கள். அத்தை, சித்தப்பா எல்லோரும் வாழ்த்திவிட்டால் அவளால் மறுக்கவே முடியாது.