தாய் வீட்டுக்குப் போனால் பிக்மி எண் செல்லாமல் போகுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முதல் பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. மூன்றாம் மாதமே அங்குள்ள நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தருகிற எண்) வாங்கிவிட்டார். வளைகாப்பு முடிந்ததும் நத்தம் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போகிறார், பிரசவமும் அங்கேதான். கர்ப்பிணிகள் சேர்ந்து பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில், 'மாவட்டம் மாறினால் பழைய எண் செல்லாது, புதுசாக எடுக்கணும், இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது' என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் இரண்டாயிரம் கொடுத்தால் 'மாற்றித் தருகிறேன்' என்கிறாராம். போதாக்குறைக்கு, அரசு ஆஸ்பத்திரியா தனியாரா என்று அதே குழுவில் தினமும் சண்டை. என்ன செய்வது என்கிறார்.

முதலில் அந்த இரண்டாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எண் மாறாது. பிக்மி எண் என்று நாம் சொல்லும் அந்தப் பன்னிரண்டு இலக்க எண் உங்களுக்குக் கொடுத்தது, ஊருக்குக் கொடுத்தது இல்லை. தமிழ்நாட்டுக்குள் எந்த ஊரில் பிரசவம் ஆனாலும், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, அதே எண்ணைத்தான் கேட்பார்கள், அதே எண்ணைத்தான் பிறப்புப் பதிவில் போடுவார்கள். எண் எடுக்கக் காசும் கிடையாது. எண்ணே இல்லாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர சுகாதார செவிலியரிடமோ நேரில் போய்ப் பதியலாம், 102க்குப் போன் செய்தோ பிக்மி இணையதளத்திலோ முன்பதிவும் செய்யலாம். அதற்கப்புறம் செவிலியர் சரிபார்த்து எண் தருவார்.

உண்மையான வில்லங்கம் பழைய எண்ணில் இல்லை, புதிதாக இரண்டாவது எண் எடுப்பதில்தான் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் 'மாற்றித் தருகிறேன்' என்பவர் எதையும் மாற்றமாட்டார், அவரால் முடியவும் முடியாது. உங்கள் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ, வேறொரு மொபைல் நம்பரைப் போட்டு, புதுசாக ஒரு முன்பதிவைத் தட்டிவிட்டு, அதன் பிரிண்ட் அவுட்டைக் கையில் கொடுப்பார். அப்புறம் ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவு. மூன்று மாதம் முதல் நீங்கள் எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசி எல்லாம் ஒரு பதிவில் கிடக்கும், பிரசவம் இன்னொன்றில் ஏறும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துப் பணம் பழைய எண்ணில் தொங்கிக்கொண்டு நிற்கும். நான் பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், இப்படி இரட்டைப் பதிவோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்களை நிறையவே பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, யாரோ பயமுறுத்திச் செய்ய வைத்திருப்பார்கள்.

இந்தப் பயம் எப்படிப் பரவுகிறது என்பதையும் சொல்லவேண்டும். பாதித் தப்பு நம் அமைப்பின் மேல்தான். ஒரே தகவலைச் செவிலியர் பதிவேட்டில் எழுதவேண்டும், அப்புறம் கணினியில் ஏற்றவேண்டும், அப்புறம் இன்னொரு திட்டத்துக்கு இன்னொரு செயலியில் அதையே திரும்ப ஏற்றவேண்டும். சர்வர் படுத்துக்கொண்டால் அன்றைய வேலை அப்படியே நிற்கும். பக்கத்துத் துணை நிலையத்தில் பணியிடம் காலியாக இருந்தால் அந்த ஊர்களும் இவர் தலையில். இந்த எரிச்சலில் யாராவது ஒரு செவிலியர் 'இங்கே என்னம்மா கேக்குறே, உங்க ஊர்ல போய்க் கேளு' என்று சொல்லிவிட, அது குழுவில் 'எண் செல்லாதாம்' என்று ஆகிவிடுகிறது.

நீங்கள் செய்யவேண்டியது சின்ன வேலை. கிளம்புவதற்கு முன் திருப்பூர் செவிலியரிடம், பிரசவத்துக்கு அம்மா வீடு போகிறேன், ஊர் இது, போகும் தேதி இது என்று சொல்லிவிடுங்கள். தாய் சேய் நல அட்டையில் இதுவரை எடுத்த எல்லாப் பரிசோதனையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே எழுதி வாங்குங்கள். பிக்மி எண்ணை அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, உங்கள் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நத்தம் போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அட்டையைக் காட்டுங்கள். முதல் முறை வலியோடுதான் அந்த வாசல் மிதிப்பேன் என்று மட்டும் இருக்காதீர்கள். அதற்கு முன் இரண்டு தடவையாவது அங்கே உங்களைச் சோதித்திருக்கவேண்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்கிறோம், மாமியாருக்கு அந்த மாதம் ஆகாது என்று இழுத்துக்கொண்டே போய் முப்பத்தெட்டாவது வாரத்தில் ராத்திரி பஸ்ஸில் கிளம்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் போய்விடுங்கள், நல்ல நாள் அதற்குள்ளும் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பதிவு ஆகும். நத்தத்தில் பிறந்தால் நத்தம், திண்டுக்கல்லில் பிறந்தால் திண்டுக்கல். திருப்பூரில் பதிகிறேன் என்று யாராவது சொன்னால் அது பொய்ப் பதிவு. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் பதிவுக்கு அனுப்பும் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது, 21 நாளுக்குள் செய்தால் கட்டணமும் இல்லை. நீங்கள் கவனிக்கவேண்டியது எழுத்துப் பிழையை மட்டும்தான். ஆதாரில் உங்கள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியல் உட்பட, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், படிவம் நிரப்பும்போது நீட்டுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம், அதனால் பிழையை 'அப்புறம் திருத்திக்கலாம்' என்று விடாதீர்கள். குழந்தையின் பெயர் முடிவாகாவிட்டால் பரவாயில்லை, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கும் பிரவுசிங் சென்டர் தேவையில்லை.

இனி, அரசா தனியாரா என்ற சண்டை. குழுவில் பேசுகிற பெண்கள் நல்லவர்கள்தான், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும்போது பதில் சொல்ல அவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருத்தரும் சொல்வது தன் ஒரு பிரசவத்தை. தனியார் போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்பதும், அரசில் கவனிக்கவே மாட்டார்கள் என்பதும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64, அரசில் 36. இந்த 36-ம் ஒன்றும் சின்ன எண் இல்லை, ஆனால் சிக்கலான கேஸ் எல்லாம் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தள்ளப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

என்னைக் கேட்டால் கேள்வியை வேறு மாதிரி போடுவேன். ராத்திரி மூன்று மணிக்கு உங்களுக்குத் திடீரென்று ஆபரேஷன் தேவைப்பட்டால், அந்தக் கட்டடத்துக்குள் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், ரத்தம் மூன்றும் இருக்குமா? தனியாரில் போர்டில் பெரிய எழுத்தில் இருபத்துநான்கு மணி நேரம் என்று இருக்கும், மயக்க மருந்து டாக்டர் வேறு ஊரிலிருந்து காரில் வரவேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்கள் சுகப் பிரசவத்தை அழகாகப் பார்ப்பார்கள், ஆபரேஷன் பெரும்பாலும் அங்கே ஆகாது. மூன்றும் இருக்கிற இடத்தைத்தான் அரசில் சீமாங் மையம் என்று சொல்கிறோம். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11க்கு மேல், பிரஷர் சர்க்கரை சரி, குழந்தையின் தலை கீழே என்றால் முதல் பிரசவமானாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் நேராகச் சீமாங் மையம், உங்களுக்கு அது திண்டுக்கல்லாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நீங்கள் உங்கள் ரத்த வகையைக் கடிதத்தில் எழுதவில்லை. அட்டையில் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். நெகட்டிவ் என்றால், வீட்டுக்காரர் வகை என்ன என்று கேளுங்கள். அவரும் நெகட்டிவ் என்றால் கவலை இல்லை. அவர் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம், அப்போது பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உங்கள் உடம்பில் கலந்து, உங்கள் உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. இதைத் தடுக்க ஆன்டி-டி என்று ஓர் ஊசி இருக்கிறது. ஏழாம் மாதம், இருபத்தெட்டாவது வாரத்தில் ஒன்று போடுவார்கள். பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் கட்டாயம் இன்னொன்று. கருச்சிதைவு ஆனவர்களுக்கும் போடவேண்டும், அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஊசி சிறிய நிலையங்களில் எப்போதும் கையிருப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது, வெளியில் வாங்கினால் சில ஆயிரம் ஆகும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்த மருந்துக்கடையில் தேடுவீர்கள்? அதனால் நெகட்டிவ் ரத்தக்காரர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பிரசவத்துக்கு நம்ப வேண்டாம், ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியில் முன்பே பேசி வையுங்கள். பிறந்ததும் குழந்தையின் ரத்த வகை பார்த்தாயிற்றா என்று நீங்கள்தான் கேட்கவேண்டும். மூன்று நாள் கழித்துக் கேட்டால் ஊசியின் பலன் குறைந்துவிடும்.

இடைத்தரகர்கள் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஆட்டோக்காரரோ தனியார் ஆம்புலன்ஸ்காரரோ 'உள்ளே டாக்டர் இல்லை, பெட் இல்லை, தெரிஞ்ச நர்சிங் ஹோம் இருக்கு' என்பார். ஒரு ஆளைக் கொண்டுபோய் விட்டால் அவருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. உள்ளே போய்ப் பிரசவ வார்டு செவிலியர் வாயால் கேட்காமல் வண்டி ஏறாதீர்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் அவர்களே சீட்டு எழுதி 108ஐ வரவழைப்பார்கள், காசு கிடையாது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் குழந்தைக்கு உதவும் என்று தனியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் டை கட்டிக்கொண்டு ஒருவர் மாதத் தவணை பேசுவார். தன் குழந்தைக்கென்றே அதைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியாயிற்று. அப்புறம், 'மகப்பேறு நிதி வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்க' என்று போன் வந்தால் உடனே வையுங்கள். அந்த நிதி உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு நேராக வரும், ஓடிபி கேட்டு யாரும் அனுப்புவதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் 'குழந்தையைக் காட்ட' காசு கேட்கும் கொடுமையும் இருக்கிறது, ஆண் என்றால் ஒரு ரேட், பெண் என்றால் ஒரு ரேட். 2011லிருந்து பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக வர வண்டி எல்லாமே இலவசம் என்று மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, சுவரில் போர்டும் இருக்கிறது, போர்டுக்குக் கீழே நின்றுகொண்டே கை நீட்டுவார்கள். கண்காணிப்பாளர் அறைக்குப் போவேன், 104க்கும் 1100க்கும் புகார் செய்வேன் என்று வீட்டுக்காரர் அமைதியாகச் சொன்னால் பெரும்பாலும் கை இறங்கிவிடும். 'சந்தோஷமாக' என்று நாமே முதலில் நீட்டுவதையும் நிறுத்தவேண்டும், அதுதான் அடுத்து வருகிற பெண்ணுக்கு ரேட் ஆகிறது.

அம்மாவை உள்ளே விடுவார்களா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பது விதி. தானே பிள்ளை பெற்றவராக, நோய்த்தொற்று இல்லாதவராக, ஆள் மாறி மாறி வராமல் கடைசி வரை ஒருவரே இருக்கவேண்டும். கூட்டமான நாளில் துரத்துவார்கள். அதனால் பரிசோதனைக்குப் போகும்போதே அம்மாவையும் கூட்டிப்போய், 'இவர்தான் துணைக்கு இருப்பார்' என்று வார்டு செவிலியரிடம் முகம் காட்டி வைத்துவிடுங்கள்.

வலிக்குக் காத்திராமல் உடனே கிளம்பவேண்டியவை: ரத்தம் படுவது, தண்ணீர் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் குழுவில் கேட்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள், அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.