அறைக்குள் ஜினியா: கேட்டவர்களுக்குப் பதில்

வேளச்சேரி: செடி வளர்க்க ஊதா நிற க்ரோ லைட் வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப் போதும். செடி நுனிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள். தண்ணீர் வேருக்கு மட்டும், இலையில் படக்கூடாது.

அண்ணா நகர்: ராத்திரியும் லைட் எரியலாமா சார்?

கூடாது. பகல் குறைந்தால்தான் ஜினியா சீக்கிரம் மொட்டு விடும். 12 மணி நேரத்துக்கு டைமர் வையுங்கள்.

மயிலாப்பூர்: வீட்டுக்குள்ள தேனீ ஏது? விதை எப்படிப் பிடிக்கும்?

எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பூக்களின் கூட்டம். வண்ண இதழ் ஒவ்வொன்றும் ஒரு பெண் பூ. அதன் அடியில் இரண்டாகப் பிளந்த சூல்முடி, அதாவது மகரந்தத்தை வாங்கும் நுனி, தெரியும். நடுவிலுள்ள மஞ்சள் நட்சத்திரங்களில்தான் மகரந்தம். அவை விரியச் சில நாள் பிடிக்கும். விதை பிடிக்க வேண்டிய தாய்ச் செடியில் அதற்குள் அவற்றைக் கிள்ளிவிடுங்கள். மகரந்தம் தரும் தந்தைச் செடியில் அன்று விரிந்த நட்சத்திரத்தை இடுக்கியால் எடுத்துத் தாய்ப் பூவின் சூல்முடிகளில் தடவுங்கள். காம்பில் நூல் கட்டித் தேதி எழுதுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் விதை.

பெரம்பூர்: எஃப்1 செடியின் விதை மலடுதானே?

இல்லை. எஃப்1 என்பது இரண்டு ரகங்களைக் கலந்த முதல் தலைமுறை. அதன் விதை முளைக்கும், நிறமும் இதழ் அடுக்கும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். புது ரகம் தேடுபவருக்கு அதுதான் வேண்டும்.

அண்ணா நகர்: நான் போட்டேன், ஒண்ணுகூட முளைக்கல. மலடுதான் சார்.

வேறு இனத்தோடு கலந்தால் நீங்கள் சொல்வது சரி. தோட்டத்தில் வழக்கமாக வளரும் ஜினியா இனமான எலிகன்ஸுக்கு 24 குரோமோசோம், இன்னொரு ஜினியா இனமான அங்குஸ்டிஃபோலியாவுக்கு 22. அந்த நேரடிக் கலப்பு மலடு. உங்களுடையது எலிகன்ஸ் எஃப்1. தேனீ வராத அறையில் மகரந்தம் தடவினீர்களா? உள்ளே பருப்பு இருக்கிறதா என்று விதையை நகத்தால் பிளந்து பாருங்கள்.

போரூர்: இலையில வெள்ளைப் பொடி?

சாம்பல் நோய். காற்று தேங்குகிறது, சின்ன ஃபேன் வையுங்கள். விண்வெளி நிலையத்தில் வளர்ந்த ஜினியாவுக்கும் ஈரத்தால் பூஞ்சை வந்தது. அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி ஃபேனை வேகப்படுத்திக் காப்பாற்றினார், 2016 ஜனவரியில் பூத்தது. இலையை நனைக்காதீர்கள்.

தாம்பரம்: ஊதா லைட் நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

குரோம்பேட்டை: ரோஜா பூக்கல...

ரோஜா வளர்ப்பவரைக் கேளுங்கள்.

அண்ணா நகர்: பிளந்து பார்த்தேன் சார். எல்லாம் வெறும் உமி.

மகரந்தம் சேராததால் பருப்பே பிடிக்கவில்லை. அடுத்த பூவில் மஞ்சள் விரியும் அன்று காலையே இடுக்கியோடு உட்காருங்கள்.