ஜெயித்தபோது ‘நாங்கள்’, தோற்றபோது ‘அவர்கள்’

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு அருகில் வசிக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் பள்ளி ஃபுட்பால் அணியில் கிக்கர், அதாவது பந்தை இரு கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவன். அக்டோபரில் ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அவன் உதைத்த பந்தால் நாங்கள் ஜெயித்தோம். கேக் வெட்டினோம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் தாத்தா பாட்டி வரை பார்த்து மகிழ்ந்தார்கள். நவம்பரில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் ஆட்டத்தில், மூன்று நொடி மிச்சமிருக்கும்போது அவன் 37 கெஜத்திலிருந்து உதைத்த பந்து வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டு புள்ளியில் அவர்கள் தோற்றுவிட்டார்கள். அன்று காரில் வீடு திரும்பும்போது நானும் கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தா பாட்டியிடம் இன்னும் சொல்லவும் இல்லை. பத்து நாட்களாக அவன் சரியாகப் பேசுவதில்லை. “வெறும் விளையாட்டுதானே, படிப்பைப் பார்” என்கிறார் கணவர். நான் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவனுடைய பை கராஜில் அப்படியே கிடக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல்முறை வாசித்தபோது பிள்ளையை நினைத்து மனம் கனத்தது. மறுபடி வாசித்தபோது இரண்டு இடங்களில் கண் நின்றுவிட்டது. அக்டோபர் ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாங்கள் ஜெயித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நவம்பர் ஆட்டத்துக்கு வந்ததும் ‘அவர்கள் தோற்றுவிட்டார்கள்’ என்கிறீர்கள்.

உங்களைக் குறைசொல்ல இதைச் சுட்டவில்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு, இதே ஃபுட்பாலை வைத்துத்தான் நடந்தது. பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடையோடு வரும் மாணவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது வெற்றிக்கு ‘நாம்’ என்ற சொல் அதிகம் வந்தது, தோல்விக்கு அந்த ‘நாம்’ குறைந்துபோனது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படி ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. உதைத்தவனுக்கு அந்த வழி இல்லை. கேக்கும் தொலைபேசி அழைப்புகளுமாக இருந்த ஓர் இரவையும், அப்பாவும் அம்மாவும் ஒரு வார்த்தை பேசாமல் காரை ஓட்டிவந்த இன்னோர் இரவையும் உங்கள் மகன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைக்கிறேன். உங்கள் மௌனம் அன்பினால் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. பதினேழு வயதில் அது வெட்கமாகத்தான் புரியும்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இதுவன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு மோதி முன்னேறும் ஆட்டம். டெக்சஸில் இலையுதிர்கால வெள்ளிக்கிழமை இரவென்றால், பள்ளி மைதானத்தில் பாண்டு வாத்தியமும் விளக்குமாக ஊரே கூடியிருக்கும். மற்ற ஆட்டக்காரர்கள் இரவு முழுவதும் மோதிக்கொண்டிருக்க, கிக்கர் மட்டும் ஓரமாக நின்று வலைக்குள் உதைத்துப் பழகிவிட்டு, சில நொடிகளுக்கு மாத்திரம் உள்ளே வருவான். நடுவில் இருப்பவன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிய வேண்டும், மண்டியிட்டிருப்பவன் அதைப் பிடித்து, தையல் பக்கம் கம்பங்களைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்த வேண்டும், முன்வரிசை எதிரிகளைத் தடுக்க வேண்டும், பிறகு உதை. இத்தனையும் ஏறக்குறைய ஒன்றேகால் நொடியில் முடிந்துவிடும். பதினொரு பேரின் வேலை அது. ஆனால் பந்து விலகினால் எல்லோர் கண்ணும் ஒருவன்மீதுதான் விழும்.

அவனை அழுத்துவது தோல்வி மட்டும்தானா என்பதும் எனக்குச் சந்தேகம். அந்த அணியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே வாழ்க்கையின் கடைசி ஃபுட்பால் ஆட்டமாக இருந்திருக்கும். இரு அணிகளும் வரிசையில் நின்று கைகொடுத்து முடிந்தபின், தோள்கவசத்தைக் கழற்ற மனமில்லாமல் அவர்கள் அழுதுகொண்டு நின்றதை அவன் பார்த்திருப்பான். அண்ணன்மாரின் கடைசி ஆட்டத்தைத் தான் கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் உள்ளே இருக்குமானால், ‘வெறும் விளையாட்டுதானே’ என்ற சொல் அதைத் தொடவே தொடாது. உங்கள் கணவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆயினும் அதே விளையாட்டு அக்டோபரில் அவருக்கு வெறும் விளையாட்டாக இருக்கவில்லையே. இதை அவரிடம் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள்.

1991 ஜனவரி 27 அன்று நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் இறுதியாட்டத்தில், பஃபலோ பில்ஸ் அணியின் கிக்கர் ஸ்காட் நார்வுட், எட்டு நொடி மீதமிருக்கையில் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்தும் வலப்புறமாகத்தான் விலகியது. 20–19 என்று ஒரே புள்ளியில் அணி தோற்றது. மறுநாள் பஃபலோ நகர மண்டபத்தின் முன்னே பல்லாயிரம் பேர் கூடி, பின்னால் ஒதுங்கி நின்ற அந்த மனிதரைப் பெயர் சொல்லி விடாமல் அழைத்தார்கள். அவர் முன்னால் வந்து, குரல் தழுதழுக்கப் பேசினார். அந்த ஊருக்கும் தோல்வி வலித்தது. வலியோடுதான் அவரைக் கூப்பிட்டார்கள். இந்தக் கதையை மகனிடம் பாடமாக ஒப்பிக்காதீர்கள், ஒருவேளை அவனுக்கே தெரிந்திருக்கும். நீங்களும் உங்கள் கணவரும் தெரிந்துகொள்வதற்காகவே எழுதினேன்.

நீங்கள் பேச வேண்டியது மிகக் கொஞ்சம். அவன் முகத்தைப் பார்க்காமல் பேசக்கூடிய இடம் நல்லது. காரில் போகும்போது சொல்லலாம். “அன்றைக்கு நாம் தோற்றோம். எனக்கும் கஷ்டமாக இருந்தது. உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.” அவ்வளவு போதும். அவன் பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். தாத்தா பாட்டியிடமும் முடிவைச் சொல்லிவிடுங்கள். வெற்றியைப் பார்த்தவர்களிடமிருந்து தோல்வியை ஒளித்தால், அது ஒளிக்க வேண்டிய குற்றம் என்று அவனுக்குத் தோன்றும். பயிற்சியாளரிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம், அது அவனுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு. பன்னிரண்டாம் வகுப்பு நண்பர்கள் யாரேனும் வீட்டுக்கு வரக்கூடியவர்களாக இருந்தால், சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு நீங்கள் சமையலறையிலேயே இருந்துகொள்ளுங்கள்.

அக்டோபரில் அளவுமீறிக் கொண்டாடிவிட்டோமோ என்று வருந்தாதீர்கள். வெற்றியை முழுதாகக் கொண்டாடத்தான் வேண்டும்.

ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, நண்பர்களையும் விலக்கி, இந்த நிலை இன்னும் ஓரிரு வாரம் நீடித்தால் பள்ளியின் ஆலோசகரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

அந்தப் பையை நீங்கள் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். செயற்கைப் புல்தரையின் கறுப்பு ரப்பர் துகள்கள் காலணிக்குள்ளும் காலுறை மடிப்பிலும் இன்னும் ஒட்டியிருக்கும். அவை அவனுடைய இரவுக்கு உரியவை. என்றைக்காவது அவனே பையைத் திறந்து, கராஜ் வாசலில் காலணியைத் தட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.