தொலைதூரச் சிறைகளில் கைதிகளுக்கு வீடியோவில் வைத்தியம் பார்ப்பது வெறும் கண்துடைப்புதானே?

கண்துடைப்பு என்ற சொல்லைப் பார்த்த பிறகு கடந்துபோக மனம் வரவில்லை. அமெரிக்காவின் மேற்குப் பக்கம் ஒரு மாநிலச் சிறையில் ஏழு வருடம் நர்ஸாக இருந்தேன். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சுற்றிலும் பொட்டல்காடு. பெரிய மருத்துவமனைக்குப் போக வேனில் நாலு மணி நேரம். திரையில் டாக்டர் வரும்போது நோயாளிக்குப் பக்கத்தில் நின்று ஸ்டெதாஸ்கோப் வைப்பதும், கையடக்கக் காமிராவைத் தொண்டையிலும் காதிலும் காட்டுவதும் என் வேலை.

உங்களுக்கு வேண்டியவர் யாரோ உள்ளே இருக்கிறார், "டாக்டரை டிவியில்தான் காட்டினார்கள்" என்று போனில் புலம்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். என் ஊகம் தப்பு என்றால் மன்னியுங்கள்.

முதலில், இது கோவிட் காலத்தில் முளைத்த ஏற்பாடு இல்லை. கால்வெஸ்டனில் இருக்கும் டெக்சஸ் மருத்துவப் பல்கலைக்கழகம் 1994லேயே அந்த மாநிலச் சிறைகளுக்கு வீடியோவில் வைத்தியம் பார்க்கத் தொடங்கிவிட்டது. நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003ல் வேறு வழி பிடித்தார். நோயாளியைத் திரைக்குக் கொண்டுவரவில்லை. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கான வைத்தியத்தை அந்தந்த ஊர் மருத்துவருக்கே வீடியோவில் கற்றுக்கொடுத்தார். 16 ஊர் மையங்கள், 5 சிறைகள். 407 பேரை வைத்து 2011ல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், இந்த மையங்களில் 58.2 சதவீதம். இதையா கண்துடைப்பு என்கிறீர்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அறுபதைத் தாண்டிய ஒருவர். ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் தேங்கும் நோய். கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழும், அந்தக் குழி மறையவே நேரமாகும். வெளியே ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க இரண்டு முறை தேதி வாங்கிக் கொடுத்தோம். இரண்டு முறையும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். விடிகாலை இரண்டு மணிக்கு எழுப்பி, இடுப்புச் சங்கிலியும் கால்விலங்கும் மாட்டி, போக வர எட்டு மணி நேரம். திரும்பி வந்தால் அவருடைய படுக்கையில் வேறொருவர் இருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போகமாட்டேன். ஆனால் ஃபைலில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்றுதான் ஏறும்.

அப்புறம்தான் வீடியோ. டாக்டர் அம்மா முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால். நான் காலை அமுக்கி எவ்வளவு ஆழம் என்று சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார். மாதாமாதம், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் யூரின் மாத்திரையின் டோஸ் ஏறியதே தவிர வீக்கம் இறங்கவில்லை. மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் அந்த நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "விழுங்கினார்" என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

நாலாவது தடவை ஏதோ தோன்றியது. உள்ளே நின்ற காவலரிடம், "சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம், கேட்க வேண்டாம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். கதவு சாத்தியதும் மனிதர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மிஸ், அந்த மாத்திரையை நான் விழுங்குவதே இல்லை."

அவருக்குச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவும் வேலை. கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் முறைப்பார்கள். இரண்டு முறை பேன்ட்டிலேயே போய்விட்டது, எல்லோரும் பார்க்க. அங்கே டியூட்டி பார்ப்பவர் யார் தெரியுமா? இத்தனை மாதமாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற அதே காவலர்.

டாக்டர் அம்மா டோஸை ஏற்றவில்லை, இறக்கினார். வேலை முடிந்த பிறகு மாத்திரை என்று நேரத்தை மாற்றினார். கழிப்பறைக்குப் போக ஒரு பாஸும் எழுதினார். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ நீர் இறங்கியது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. கைதிகளை எண்ணும் தலைக்கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ஒரு ஆளையும் நகர்த்த மாட்டார்கள். காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது எத்தனையோ நாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நோய்க்குத் திரை உதவாது. ஒத்துக்கொள்கிறேன்.

"குற்றவாளிக்கு இவ்வளவு கரிசனமா" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் ஒன்று. டெக்சஸ் சிறையில் வேலை செய்தபோது பருத்திப் பொதி விழுந்து அடிபட்ட கேம்பிள் என்பவர் போட்ட வழக்கில், கைதியின் நோயைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 1976லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாவம், அந்த மனுஷன் தன் வழக்கில் தோற்றுப்போனார், அது வேறு கதை. என்னிடம் வந்து சண்டை போடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். போன வருடம் ஊருக்கு வந்தபோது அம்மாவை ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம். உள்ளே போனால் எங்களுக்கு அடுத்த மூன்று டோக்கன்காரர்களும் அதே அறையில் நிற்கிறார்கள். "யூரின் எப்படிப் போகுது?" என்று டாக்டர் உரக்கக் கேட்கிறார். அம்மா என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், "நல்லாத்தான் போகுது" என்றாள். இரண்டு நிமிடம், அறுநூறு ரூபாய். வெளியே வந்து ஆட்டோவில்தான் உண்மையைச் சொன்னாள். அந்த டாக்டர் என் அம்மாவுக்கு முன்னால் நேரில்தான் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஆள் உள்ளே இருந்தால் ஒன்று சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்க எழுதிக் கொடுக்கும் சீட்டில் "உடம்பு சரியில்லை" என்று எழுதினால் அது அடுக்கின் அடிக்குப் போய்விடும். "படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாலு நாளாக" என்று எழுதச் சொல்லுங்கள். வீடியோ அறைக்குள் போனதும், காவலர் வெளியே நிற்கட்டும் என்று நர்ஸிடம் கேட்கச் சொல்லுங்கள். எல்லா நர்ஸும் சம்மதிக்க மாட்டார்கள். நானே முதல் மூன்று தடவை செய்யவில்லையே.