'மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர்' என்று அமெரிக்க அரசமைப்பில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) எந்த மதத்தையும் அரசு மதமாக்கக் கூடாது, வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்கிறது 1791-இல் வந்த முதல் திருத்தம். அவ்வளவுதான்.

'சுவர்' வருவது அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று டான்பரி பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எழுதிய கடிதத்தில். அவர்களுடைய கனெக்டிகட் மாநிலத்தில் அப்போது காங்கிரிகேஷனல் என்ற வேறொரு கிறிஸ்தவ சபைதான் அரசு சபை; முதல் திருத்தம் தடுத்தது காங்கிரஸை மட்டும்தான், மாநிலங்களை அல்ல. அந்தச் சபைக்கான வரியிலிருந்து தப்ப, 'நான் வேறு சபைக்காரன்' என்று சான்றிதழ் கொடுக்கவேண்டும். ஜெபத்துக்கும் சீட்டு! அப்புறம், இரண்டே நாளில் ஜெபர்சன் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை மண்டபத்திலேயே நடந்த ஞாயிறு ஆராதனைக்குப் போனது வேறு கதை.

மாநிலங்களும் அரசு மதம் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1947-இல், எவர்சன் வழக்கில். சுவர் உயரமாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்குத் திருப்பித் தரலாம் என்றும் 5-4 கணக்கில் தீர்ப்பளித்தது.